தண்ணீர் லாரிக்கு 70 எழுத்து

ஹேக்கத்தானில் ராத்திரி கண் விழிப்பது பெரிய விஷயமில்லை. முதல் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதுதான் பாடு. ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்துத் தன் ஐடியாவைச் சொல்வார்கள். பிடித்த ஐடியாவின் பக்கம் ஆட்கள் போய் நிற்பார்கள். சொல்ல ஒன்றும் இல்லாதவன் ஓரமாக நின்று, இலவசமாகக் கொடுத்த ஸ்டிக்கர்களைப் புரட்டிக்கொண்டிருப்பான். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அப்படி நின்றவன் நான்.

பிழைப்பு, ஃப்ரீலான்ஸ் வெப் வேலை. கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று அவரவர் கேட்பதைச் செய்து கொடுப்பேன். “உங்களுக்கு என்ன தோணுது?” என்று எந்தப் பார்ட்டியும் கேட்டதில்லை. வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால் சொந்தமாக யோசிக்கிற புத்தி மரத்துப்போகும். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள் ஏஐ ஏஜென்ட் என்று பேசுகிறார்கள்; எனக்கோ பிஎச்பி இன்னும் சோறு போடுகிறது.

இங்கே உலவும் கதைகளும் ஆளை மிரட்டும். 2010-இல் நியூயார்க்கில் டெக்கிரஞ்ச் நடத்திய ஹேக்கத்தானில் முளைத்த குரூப்மீ செயலியை மறு ஆண்டே ஸ்கைப் வாங்கியதை மேடையில் சொல்லாத ஆள் இல்லை. 1999 ஜூனில் கனடாவின் கால்கரியில் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தை எழுதும் ஆட்கள் பத்துப் பேர் ஹேக்கத்தான் என்று கூடியதை யாரும் சொல்வதில்லை. மறையாக்க மென்பொருளை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் கட்டிப்போட்டிருந்ததால், எல்லைக்கு வெளியே உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். புது ஐடியா தேடிப் போன கூட்டமில்லை அது; கையிலிருந்த வேலையை முடிக்கப் போன கூட்டம். எனக்கு இந்தக் கதைதான் பிடிக்கும்.

என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டது ஒரு மூன்றாமாண்டு மாணவி. “அண்ணா, ஃபார்ம், டேட்டாபேஸ் எல்லாம் உங்களுக்கு வருமா? எங்க டீம்ல எல்லாரும் ஐடியா மட்டும்தான் சொல்றாங்க.”

தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெருவுக்கு முன்கூட்டியே தெரிவிப்பது அவர்கள் திட்டம். கோடையில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு அரை நாள் காத்திருப்பது அவள் அம்மாவின் வேலை. சாதாரண போன் வைத்திருப்பவர்களுக்கும் போக வேண்டும் என்பதால் எஸ்எம்எஸ். ‘ஆப்’ என்று ஆரம்பிக்காததற்கே பிள்ளைகளைப் பாராட்டலாம்.

செய்தியை அவளே எழுதியிருந்தாள்: “தண்ணீர் லாரி இன்று மாலை 5 மணிக்கு உங்கள் தெருவுக்கு வரும். குடங்களுடன் தயாராக இருக்கவும்.” ஒரு எஸ்எம்எஸ்-க்கு 160 எழுத்து என்று நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கணக்கு ஆங்கிலத்துக்கு. தமிழ் யூனிகோடில் போகிறது. 70 தாண்டினால் செய்தி இரண்டாக உடையும், காசும் இரண்டு மடங்கு. அந்த எழுபதும் நாம் எண்ணுகிற எழுபது அல்ல. ‘தண்ணீர்’ நமக்கு நாலு எழுத்து. கணினி புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியாக எண்ணி ஏழு என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டில் கண்ணை மூடிக்கொண்டு 70-இல் வெட்டினால், சில சமயம் கடைசிப் புள்ளி பறிபோய் ‘வரும்’ என்பது ‘வரும’ என்று நிற்கும். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடிச் செய்திகளோடு மல்லுக்கட்டியதில் எனக்கு இது மனப்பாடம். இரண்டாம் வாக்கியத்தைத் தூக்கச் சொன்னேன். மிஞ்சியது 58.

“லாரிக்குக் குடத்தோட வரணும்னு எங்கம்மாவுக்குச் சொல்லித் தரணுமா என்ன?” என்று சிரித்தாள்.

அடுத்த முட்டுக்கட்டை பெரியது. இந்தியாவில் நிறுவனங்கள் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற தளத்தில் பதிவு வேண்டும். 2018-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதிமுறையின் கீழ் வந்த ஏற்பாடு. அனுப்புநர் பெயர், செய்தி வார்ப்பு இரண்டுக்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு ராத்திரியில் நடக்கிற காரியமா? திரையில் போன் படம் ஒன்றைப் போட்டு அதில் செய்தி வருவதாகக் காட்டுவது, அது மாதிரிக் காட்சி என்று நடுவர்களிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது.

சரி, லாரி கிளம்பியதை யார் பதிவது? டிரைவருக்கு லாகின், பாஸ்வேர்ட், மேப் என்று பையன்கள் வரைந்துகொண்டே போனார்கள். “டிரைவர் ஒரு மிஸ்டு கால் கொடுத்தா போதாதா?” என்றேன். நம்பரை வைத்து லாரியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒருவன் நிமிர்ந்து பார்த்தான். “அண்ணா, இதை ஏன் மொதல்லயே சொல்லல?” முதலில் இது ஐடியா என்றே எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு பேச்சில்லை, வேலைதான். விடியும் நேரத்தில் வைஃபை படுத்தது; போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினோம். ஒருவன் மாற்றியதை இன்னொருவன் மேலெழுதி, மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டில் அரை மணி நேரம் போனது. “என் லேப்டாப்ல ஓடுதுண்ணா” என்றான் ஒருவன். நடுவர் உன் லேப்டாப்பையா தூக்கிக்கொண்டு போவார் என்று கேட்டுவிட்டு, நான் வாடகைக்கு வைத்திருக்கும் சர்வரில் ஏற்றினேன்.

மேடையில் அவள்தான் பேசினாள். எனக்கு மைக் என்றால் இன்னும் உதறல். “இதுல ஏஐ எங்கே?” என்றார் ஒரு நடுவர். “இல்ல சார், தேவைப்படல” என்றாள். பரிசு, அழகான ஸ்லைடு போட்ட டீமுக்குப் போனது. அவர்கள் காட்டியது ஒரு வீடியோ. இந்தக் கூட்டங்களில் இது சகஜம். திங்கட்கிழமை ஆனால் பாதிப் பேரின் நிரல் கிட்ஹப்பில் அநாதையாகக் கிடக்கும் என்பதும் சகஜம்.

பஸ் ஸ்டாப்பில் அவள் கேட்டாள்: “அந்த டிஎல்டிக்கு யார் பேர்ல பதியணும்ணா?”

“ஏதாவது ஒரு அமைப்பு பேர்ல. பான் கார்டு கேப்பாங்க.”

“எங்க தெரு நலச் சங்கத்துக்கு இருக்கான்னு செயலாளர் மாமாகிட்ட கேக்கறேன். இருந்தா ராத்திரியே போட்டோ அனுப்பறேன், நீங்க பாத்துச் சொல்லுங்க.”