பெர்லின் நகரின் மூன்று யூத மையவாடிகள்

பிள்ளைகளைப் படிப்புக்காகவும் பணிக்காகவும் ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் இன்று நம்மில் பல உண்டு. அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் தலைநகரான பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலையும், இடிக்கப்பட்ட சுவரின் எச்சத்தையும், பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கூரையையும் பார்த்துத் திரும்புகின்றனர். வாசகர்களே, உங்களுக்கு அந்த நகரில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமானால், அதனை மூன்று மையவாடிகளுக்கு ஒதுக்குங்கள். மூன்றும் யூதர்களுடையவை. வாடகைக் கார் வேண்டியதில்லை. இரயிலும் டிராம் வண்டியும் உங்களை அவற்றின் அருகில் கொண்டு சேர்த்துவிடும்.

முதலில் பயணச்சீட்டைப் பற்றி ஒரு சொல். பெர்லினின் நகர இரயில், சுரங்க இரயில், டிராம், பேருந்து ஆகிய நான்குக்கும் ஒரே சீட்டுப் போதும். நகரம் ஏ, பி, சி என மூன்று வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 2020இல் திறக்கப்பட்ட விமான நிலையம் சி வட்டத்தில் இருக்கின்றது; நாம் காணவிருக்கும் இடங்கள் யாவும் ஏ, பி வட்டங்களுக்குள் அடங்கும். எனவே 24 மணி நேரத்துக்கான ஏ-பி சீட்டு ஒன்றை வாங்கிக் கொள்ளுங்கள். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையா. ஆனால், அச்சிட்ட சீட்டை நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து முத்திரையிட்ட பின்னரே வண்டியில் ஏற வேண்டும். முத்திரையின்றிப் பரிசோதகரிடம் அகப்பட்டால் 60 யூரோ தண்டம் கட்ட நேரிடும்.

புறப்படும் நாள் சனிக்கிழமையாக இருக்க வேண்டாம். அது யூதர்களின் ஓய்வு நாள். அன்றும் அவர்களுடைய பெருநாட்களிலும் மையவாடிகளின் கதவுகள் அடைக்கப்பட்டிருக்கும். வெள்ளிக்கிழமையும் முன்னேரத்திலேயே மூடிவிடுவார்கள். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு செல்வது அங்குள்ள ஒழுங்கு. நம்மவர்க்கு இதில் சிரமமில்லை. தொழுகைத் தொப்பியே போதுமானது.

முதல் இடத்துக்கு எஸ் 9 எண்ணுள்ள நகர இரயில் விமான நிலையத்திலிருந்தே செல்கின்றது. அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் நிலையத்தை அடுத்து வரும் ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் குரோஸ ஹாம்பர்கர் என்னும் வீதி வரும். அங்கே நீங்கள் காணப்போவது மரங்கள் நிழல் தரும் புல்வெளி ஒன்று. கல்லறைகள் எங்கே என்று கண்கள் தேடும். இல்லாமையே அவ்விடத்தின் வரலாறு.

1671ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களுள் 50 குடும்பங்கள் குடியேற பிராண்டன்பர்க் மன்னர் இசைவளித்தார். மறு ஆண்டே அவர்களுக்கு ஓர் அடக்கத்தலம் தேவைப்பட்டது. அதுவே இது. 1827 வரை பெர்லின் யூதர்கள் இங்குதான் அடக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் புகழ் பெற்றவர் அறிஞர் மோசஸ் மெண்டல்சோன். தெசாவ் நகரத்து ஏழை வீட்டுப் பிள்ளையான அவர் 1743இல், 14 வயதில், கல்வி தேடி இந்நகரை அடைந்தார். ஜெர்மன் மொழியின் பெரும் சிந்தனையாளர்களுள் ஒருவராக உயர்ந்து 1786இல் மறைந்தார். அவருடைய நண்பரான லெஸ்ஸிங் 1779இல் எழுதிய 'ஞானி நாதன்' நாடகத்தின் தலைவனுக்கு முன்மாதிரி மெண்டல்சோனே. அந்நாடகம் நிகழும் இடம் ஜெரூஸலம். அதில் நீதியறிந்த மன்னராக வருபவர் நமது சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி.

1943இல் ஹிட்லரின் இரகசியப் போலீசார் இந்த மையவாடியை அழித்தனர். உடல்களின் மீது பதுங்குகுழி வெட்டி, அதன் சுவர்களுக்கு மீஸான் கற்களையே முட்டுக் கொடுத்தனர். போரின் இறுதி நாட்களில் குண்டுவீச்சிலும் சண்டையிலும் மாண்டவர்கள் இங்கேயே மொத்தமாகப் புதைக்கப்பட்டனர். வாயிலருகே ஒரு யூத முதியோர் இல்லம் இருந்தது. 1942 முதல் அது கைதிகளைத் திரட்டும் முகாமாக மாற்றப்பட்டது. பெர்லினிலிருந்து மரண முகாம்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட யூதர்கள் 55,000 பேர் என்று அங்குள்ள நினைவுக்கல் அறிவிக்கின்றது. முதியோர் இல்லமும் இன்று இல்லை. அதனிடத்தில் மெலிந்த மனித உருவங்களின் சிலைக் கூட்டம் ஒன்று வாய்பேசாமல் நிற்கின்றது.

இரண்டாவது இடத்துக்கு, ஹாக்கெஷர் மார்க்ட் நிலையத்துக்குத் திரும்பி, ஒரு நிறுத்தம் பின்னோக்கிச் சென்று அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் இறங்குங்கள். அங்கே பான்கோ செல்லும் யு 2 சுரங்க இரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் செனெஃபெல்டர்பிளாட்ஸ். மேலே வந்து சற்று நடந்தால் ஷொன்ஹாவ்ஸர் அலே சாலையில் மதிலும் வாயிலும் தென்படும். 1827இல் திறக்கப்பட்டு 1880 வரை முதன்மை அடக்கத்தலமாக விளங்கிய இங்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கபுறுகள் உள்ளன. மரங்களும் கொடிகளும் கற்களைத் தழுவிக் கிடக்கின்றன.

இங்கு ஓவியர் மாக்ஸ் லீபர்மன் கபுறைத் தேடிப் பாருங்கள். நாட்டின் கலைக் கழகத்துக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்தவர் அவர். 1935இல் அவர் இறந்தபோது, முன்பு அவரைக் கொண்டாடிய நகரம் ஒதுங்கி நின்றது. 1943இல் அவருடைய மனைவி மார்த்தாவை நாடு கடத்த ஆணை வந்தது. அப்போது அந்த அம்மையாருக்கு வயது 85. போலீசாரிடம் சிக்குவதற்கு முன் அவர் நஞ்சுண்டு மாண்டார். கணவருக்குப் பக்கத்தில் இடம் மறுக்கப்பட்டு வேறு மையவாடியில் அடக்கப்பட்ட அவரது உடல், 1954இல்தான் இங்கு கொண்டுவரப்பட்டது. இதே வளாகத்தில் பழைய நீர்த்தொட்டி ஒன்றும் உண்டு. 1944இல் போரிட மறுத்த சிலர் அதனுள் மறைந்திருந்தனர். கண்டுபிடிக்கப்பட்டு, இங்குள்ள மரங்களிலேயே தூக்கிலிடப்பட்டனர் என்பதை ஒரு பலகை சொல்கின்றது.

இனி மூன்றாவது இடம். மீண்டும் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் வந்து, ஹோஹன்ஷொன்ஹாவ்சன் திசையில் செல்லும் எம் 4 டிராம் வண்டியில் ஏறுங்கள். சுமார் 20 நிமிடத்தில் ஆல்பர்ட்டினன் வீதி நிறுத்தம் வரும். அங்கிருந்து பத்து நிமிடத்துக்கும் குறைவான நடை. மையவாடியின் வாயில் இருக்கும் வீதிக்கு, நாஜி ஆட்சியை எதிர்த்து 1942இல் உயிரிழந்த ஹெர்பர்ட் பாவும் என்னும் யூத இளைஞரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவரும் உள்ளேதான் அடங்கியுள்ளார். மையவாடியின் மறுபுறத்துச் சாலையின் பெயர் உங்களை வியப்பில் ஆழ்த்தும்: இந்திரா காந்தி சாலை!

இந்த வைசென்ஸே மையவாடி 1880இல் திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 42 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் நூறுக்கும் மேல். கபுறுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,15,000. ஐரோப்பாவின் மிகப் பெரிய யூத மையவாடிகளுள் இது ஒன்று. அடக்கம் செய்யும் முறையில் அவர்களுக்கும் நமக்கும் நெருக்கம் அதிகம். மையித்தைக் குளிப்பாட்டுகின்றனர், வெண்ணிறக் கஃபனிடுகின்றனர், காலந்தாழ்த்தாமல் அடக்குகின்றனர், எரிப்பது அவர்களின் மரபு அன்று. எனினும் இங்கே மதிலை ஒட்டிச் செல்வந்தர்கள் எழுப்பிய பளிங்கு மண்டபங்களைக் காண்பீர்கள். பெரும் அங்காடிகளின் உரிமையாளர்கள், பத்திரிகை அதிபர்கள், வங்கியாளர்கள் ஆகியோரின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்நாடு நமது நாடே என்ற நம்பிக்கையில் எழுப்பிய மண்டபங்கள் அவை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காக உயிர் கொடுத்த யூத வீரர்கள் 12,000 பேர். அவர்களின் நினைவாக இங்கு ஒரு தனிப் பகுதி 1927இல் அமைக்கப்பட்டது. அதனை வடிவமைத்த அலெக்ஸாண்டர் பேர், 1944இல் தெரேசியன்ஷ்டாட் முகாமில் மாண்டார். நாட்டுக்குச் செய்த தியாகம்கூட அவர்களுக்குக் கேடயமாகவில்லை.

நீங்கள் இவ்வளவு எளிதாக ஏறி வந்த டிராம் வண்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1942 மே முதல் நாளிலிருந்து யூதர்கள் பொது வாகனங்களில் ஏறுவது தடை செய்யப்பட்டது. தொலைதூரக் கட்டாய வேலைக்குச் செல்வோர்க்கு மட்டுமே விலக்கு. தாயை அடக்கம் செய்ய வரும் மகனுக்கும், கணவரின் கபுறைக் காண வரும் விதவைக்கும் டிராமின் படி மறுக்கப்பட்டது. நாம் பொருட்படுத்தாமல் பையில் போட்டுக்கொள்ளும் ஒரு பயணச்சீட்டின் மதிப்பு என்னவென்று அப்போது புரிகின்றது.

அந்த ஆண்டுகளிலும் இங்கே அடக்கங்கள் நின்றுவிடவில்லை. நாடு கடத்தலுக்கு அஞ்சித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இம்மண்ணில் உறங்குகின்றனர். முகாம்களில் எரிக்கப்பட்டோரின் சாம்பல் நிறைந்த நூற்றுக்கணக்கான கலசங்களும் இங்கே புதைக்கப்பட்டுள்ளன. எரித்தலை ஏற்காத ஒரு சமுதாயம் தன் மக்களின் சாம்பலைப் பெற்று அடக்க நேர்ந்தது! மண்டபக் கல்லறைகளில் சிலர் ஒளிந்து உயிர் காத்தனர். மார்ட்டின் ரீசன்பர்கர் என்னும் சமய போதகர் இறுதிவரை அடக்கச் சடங்குகளை நடத்தி, தோரா சுருள்களையும் இங்கே மறைத்துப் பாதுகாத்தார். 1933இல் சுமார் 1,60,000 யூதர் வாழ்ந்த பெர்லினில், போர் முடிந்தபோது எஞ்சியோர் ஏறத்தாழ 8,000 பேரே.

அக்காலத்து பெர்லினில் நம்மவர் ஒருவரும் இருந்தார். எகிப்தைச் சேர்ந்த மருத்துவர் முஹம்மது ஹெல்மி, ஆன்னா போரோஸ் என்ற யூதப் பெண்ணைப் போர் முடியும் வரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார். இனத்தைக் காரணம் காட்டி மருத்துவமனைப் பணியிலிருந்து நீக்கப்பட்டு, சிறையும் கண்டிருந்த அவர், தம் உயிரைப் பணயம் வைத்தே இதனைச் செய்தார். 1982இல் அதே நகரில் மறைந்த அவரை, 2013இல் யூதர்களின் யாத் வஷேம் நினைவகம் மாண்புடையோர் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் அரபியர் அவரே.

இந்த மையவாடி மற்றோர் ஆபத்தையும் கடந்திருக்கின்றது. 1980களில் கிழக்கு ஜெர்மன் அரசு இதன் ஊடே ஒரு பெருஞ்சாலை அமைக்கத் திட்டமிட்டது. கிழக்கு பெர்லினில் அப்போது சில நூறு யூதர்களே இருந்தனர். ஆயினும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. எல்லைக்கு அப்பால் மேற்கு பெர்லினிலிருந்தும் எழுந்தது. 1986இல் திட்டம் கைவிடப்பட்டது. வாரிசுகள் கொல்லப்பட்ட கபுறுகளுக்காகவும் பேச ஆள் இருந்தனர். மையவாடியைக் காப்பது மதில் அன்று, கேட்பதற்கு நான்கு பேர் இருப்பதே. நம் ஊர்களின் பழைய மையவாடிகளையும் இக்கண் கொண்டு நாம் பார்த்தல் வேண்டும்.

'நாம் ஏன் அங்கே போக வேண்டும்?' என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தி நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததாகும். அதுவும் ஓர் உயிரன்றோ என்பதே அவர்கள் தந்த விளக்கம். இன்றைய உலகின் அரசியல் பகைகள் எவையாயினும், அந்த விளக்கம் மாறிவிடவில்லை.

உள்ளே மெதுவாகப் பேசுங்கள்; பிள்ளைகளைக் கபுறுகளின் மீது ஏற விடாதீர்கள். மீஸான் கற்களின் மேல் சிறு கூழாங்கற்கள் இருப்பதைக் காண்பீர்கள். பூவுக்குப் பதிலாக, வந்து போனதற்கு அடையாளமாக உறவினர் வைக்கும் கற்கள் அவை. அவற்றைக் கலைக்க வேண்டாம். கற்களே இல்லாத கபுறுகள்தாம் அங்கே மிகுதி. அவற்றின் முன் சற்று நேரம் நின்றுவிட்டு, வாயில் அடைக்கும் நேரத்துக்கு முன் டிராம் நிறுத்தத்துக்குத் திரும்புங்கள். எம் 4 வண்டி அடிக்கடி வரும். நெடுநேரம் காத்திருக்க நேராது.