பலெர்மோ ஸ்ரேசனில் மாமாவின் பைல்

மிலானில் இரவு ஏறிய கோச்சி அடுத்த நாள் இத்தாலியின் தெற்கு நுனியில், வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் நின்றது. அங்கே பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு கப்பலுக்குள் தள்ளினார்கள். கோச்சி கப்பலுக்குள்ளே கிடந்தபடி மெசினா நீரிணையைக் கடக்க, நாங்கள் மேல்தட்டில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றோம். தனுஷ்கோடியில் கோச்சியால் இறங்கி, கப்பல் எடுத்து, தலைமன்னாரில் திரும்பவும் கோச்சி ஏறிய கதையை அம்மப்பா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். 1964 புயலோடு அந்தத் தனுஷ்கோடி போய்விட்டது. சூரிச்சிலிருந்து பிளேனில் வந்திருந்தால் காலமையே வந்து சேர்ந்திருக்கலாம்தான். ஆனால் கோச்சி கப்பலில் ஏறும் என்று சொன்ன நாளிலிருந்து என் ஆறு வயது மகன் பிளேனை மதிக்கவில்லை.

பலெர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலே 1886 இல் திறந்த ஸ்ரேசன். தண்டவாளம் அதோடு முடிகிறது. வெளியே வந்தால் பியாற்சா ஜூலியோ சேசரே, நடுவில் விக்தோர் எமானுவேல் அரசரின் சிலை, ஒரு பக்கம் விமானநிலைய பஸ், எதிரே வியா ரோமா. நாங்கள் போன நாள் வியாழக்கிழமை. இத்தாலியில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும் லீவு என்பது பழைய வழக்கம். அதனால் சதுக்கத்தில் இறங்கிய உடனேயே நாலு பக்கமும் தமிழ் கேட்டது. மகன் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இது யாழ்ப்பாணமோ?" என்றான்.

மாமா மரத்தடியில் நின்றார், கையில் ஒரு நீல பைல்.

"வந்திட்டியோ தம்பி. முதல்ல சாப்பிடுவம். பிறகு இதைப் பாப்பம்."

நான் வந்ததே அந்தப் பைலுக்காகத்தான். மென்பொருள் எழுதுகிறவனுக்கு எல்லா விண்ணப்பமும் விளங்கும் என்று எங்கட குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. உங்கட வீட்டிலும் இருக்கும்.

மாமா 1989 இல் பலெர்மோ வந்தவர். அடுத்த வருசம் மார்த்தெல்லி சட்டம் என்று ஒன்று வந்து, விசா இல்லாமல் இருந்தவர்களுக்குப் பத்திரம் கொடுத்தார்கள். அதில் அவருக்கும் கிடைத்தது. பிறகு வீடு துப்பரவாக்குவது, சமைப்பது, கடைசிப் பதினைந்து வருசம் வயது போனவர்களைப் பார்ப்பது. இப்போது அவருக்கு 66. அடுத்த வருசம் 67, இத்தாலியில் ஓய்வூதிய வயது. மற்றவர்களின் முதுமையைப் பார்த்த மனுசன் தன்னுடைய முதுமையை நெல்லியடியில் கழிக்கவேணும் என்கிறார். தகப்பன் கட்டிய வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறது.

பள்ளாரோ சந்தைக்குக் கிட்ட அவர்களின் வீடு. சாப்பாட்டு மேசையில் பைலைப் பரப்பினோம்.

முதல் சிக்கல் இது: மாமா 2012 இல் இத்தாலியப் பிரஜாவுரிமை எடுத்தவர். 1948 இன் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரஜையாகினால், முன்கூட்டியே கேட்டுத் தக்கவைத்தால் ஒழிய, இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். மாமா கேட்கவில்லை. அந்த நேரம் ஆர் இதெல்லாம் யோசிச்சது? ஆகவே பிறந்த ஊரில் போய் இருக்க அவருக்கு விசா வேணும்.

தமிழ்க் கடையில் ஒருவர் "மை ட்ரீம் ஹோம்" விசாவைப் பற்றிச் சொல்லியிருந்தார். 55 வயது தாண்டிய வெளிநாட்டவர் ஓய்வுக்காலத்தை இலங்கையில் கழிப்பதற்கான விசா அது. நாங்கள் பார்த்த விதிகளின்படி 15,000 டொலர் வைப்பு, அதோடு மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வரவேணும். மாமாவுக்கு வரப்போகும் ஓய்வூதியம் மாதம் 800 யூரோவுக்குக் கொஞ்சம் குறைய. முப்பத்தைந்து வருச வேலையில் பதிவில் இருப்பது இருபத்திரண்டு வருசம்தான். பழைய முதலாளிமார் சிலர் பங்களிப்புக் கட்டவேயில்லை. மாமா அதைச் சொல்லும்போது கோபப்படவில்லை, பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஏறியது.

மாமியின் பத்திரங்களை எடுத்தபோதுதான் விசயம் தலைகீழாகியது. மாமி இத்தாலியப் பிரஜாவுரிமை எடுக்கவில்லை. இலங்கைப் பாஸ்போட், இத்தாலியின் நீண்டகால வதிவிட அட்டை. ஊருக்குப் போக அவவுக்கு ஒரு விசாவும் தேவையில்லை, அரசாங்க ஆஸ்பத்திரியும் இலவசம். ஆனால் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் அந்த அட்டை ரத்தாகலாம். மாமாவுக்குப் போறதில பிரச்சினை, மாமிக்குத் திரும்பி வாறதில. ஒரே வீடு, ஒரே கட்டில்!

மாமிக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அதைப் போட்டது இங்கேதான், இத்தாலியின் பொதுச் சுகாதார சேவையில். மாதாமாதம் குடும்ப வைத்தியர் எழுதும் மருந்தும் அதில்தான். மாமாவுக்குச் சலரோகமும் பிறஷரும். இத்தாலியப் பிரஜை ஒருவர் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் போய் இருந்தால் "ஆய்ரே" என்ற வெளிநாட்டு வதிவோர் பதிவேட்டில் பதியவேணும். பதிந்தால் குடும்ப வைத்தியர் போய்விடுவார். பிறகு இத்தாலிக்கு வந்து நிற்கும்போது ஓய்வூதியக்காரருக்கு அவசர ஆஸ்பத்திரிச் சிகிச்சை மட்டும், அதுவும் வருசத்துக்குத் தொண்ணூறு நாள்.

அப்ப தனியார் காப்புறுதி எடுப்பமே என்று நான் ஒரு நிறுவனத்துக்குப் போன் எடுத்தேன். பெயர் வேண்டாம். அந்தப் பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் கதைத்தது. வயதைக் கேட்டது, வருத்தங்களைக் கேட்டது. ஏற்கெனவே இருக்கும் வருத்தங்களுக்கு ஒன்றும் தரமாட்டோம் என்றது. இதயமும் சலரோகமும் பிறஷரும் போனால் மிச்சம் என்ன, கால் முறிவதா? பயணக் காப்புறுதி எடுப்பவர்களும் அந்த ஒரு பந்தியைத்தான் முதலில் தேடி வாசிக்கவேணும்.

அடுத்த நாள் பத்ரொனாத்தோ ஒன்றுக்குப் போனோம். ஓய்வூதியப் பத்திரங்களைக் காசு வாங்காமல் செய்து தரும் அலுவலகங்கள் அவை, இத்தாலி முழுக்க உண்டு. உழைத்துக் கட்டிய ஓய்வூதியம் மாமா எங்கே இருந்தாலும் வரும் என்றார் அங்கிருந்த அம்மா. வருமானம் குறைந்தவர்களுக்கு 67 வயதில் கிடைக்கும் சமூகக் கொடுப்பனவு (2025 இல் மாதம் 538.69 யூரோ) வேறு கதை. இருபத்தொன்பது நாளுக்கு மேல் இத்தாலியை விட்டுப் போனால் அது நிற்கும். மாமிக்கு இப்ப 63. நாலு வருசத்தில் அந்தக் கேள்வி வரும்.

பின்னேரம் மாமி எங்களை மொந்தே பெல்லெக்ரீனோவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. மலையில் ஒரு குகைக்குள் சந்தா ரோசாலியா கோவில். 1624 இன் கொள்ளைநோயிலிருந்து பலெர்மோவைக் காத்தவர் என்று ஊர் நம்புகிறது. எங்கட சனம், சைவமோ வேதமோ, நேர்த்தி வைத்துக் கால்நடையாக ஏறும். மாமியும் ஸ்டென்ட் போட முதல் ஒவ்வொரு வருசமும் ஏறினவ. இந்தமுறை பஸ். குகைக்குள் தண்ணீர் சொட்டுகிறதை மகன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். மாமி என்னிடம் மெதுவாகச் சொன்னா:

"மாமாட்ட சொல்லாத. எனக்கு நெல்லியடி விருப்பம்தான். ஆனா நெஞ்சு நோகேக்க எனக்குத் தெரிஞ்ச டொக்டர் பக்கத்தில இருக்கவேணும். மகளும் பொலோனியாவில, பேரப்பிள்ளை வேற."

மாமாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. காலத்தைத்தான் துண்டாக்கினேன். பலெர்மோப் பதிவை விடுவதில்லை. மாமாவுக்கு ஓய்வூதியம் தொடங்கினதும் மாரிக்கு நாலைந்து மாதம் நெல்லியடி, பிறகு திரும்பல். மாமியின் அட்டையும் தப்பும், ஆய்ரேயும் தேவைப்படாது. அதற்கிடையில் மாமா இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கவேணும். 55 வயது தாண்டியவர்களுக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. அது கிடைத்தால் விசாவும் வேண்டாம், மந்திகை ஆஸ்பத்திரிக்கும் ஊர் மனுசனாகப் போகலாம்.

மாமா யோசித்தார். "அப்ப முழுசா எப்ப போறது?"

"முதல் ஒரு மாரிக்குப் போய் இருந்து பாருங்கோ மாமா."

கடைசி நாள் முழுக்கப் பெயரோடு மாரடித்தோம். பிறப்புச் சான்றிதழில் மாமாவுக்கு ஒரு பெயர்தான், தகப்பன் பெயர் தனியாக. இத்தாலியர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முன்னால் தூக்கிப் போட்டிருந்தார்கள். விவாகச் சான்றிதழில் ஒரு எழுத்து கூட, பிரஜாவுரிமைப் பத்திரத்தில் ஒன்று குறைய. ஒரே ஆள்தான் என்று ஒரு அதிகாரி நம்புவதற்கு இனி சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு, முத்திரை. உங்கட அப்பா அம்மாவின் பத்திரங்களிலும் எழுத்துக்கள் ஒத்துப்போகிறதோ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து பாருங்கோ. பிழை திருத்த மாதக்கணக்கு எடுக்கும்.

திரும்பிப் போக மகனும் பிளேனுக்குச் சம்மதித்தான். ஸ்ரேசன் முன்னால் விமானநிலைய பஸ் இரைந்துகொண்டு நின்றது. மாமா பஸ்ஸின் படி வரைக்கும் வந்தார், பைல் கையிலேயே.

"தம்பி, பேர்த் சேர்ட்டிபிக்கேற் எத்தினை கொப்பி எடுக்க?"

"அஞ்சு எடுங்கோ மாமா."

"பத்து எடுக்கிறன்," என்றார்.