தேயிலைச் சக்கையும் ஒரு மலைப்பாதையும்



குருமனையின் பின்வராந்தாவில் ஆறடி நீளமும் இரண்டடி அகலமுமாக ஒரு பலகை கிடப்பதை உங்களில் அநேகர் கண்டிருக்கிறீர்கள். கேட்கத் தயங்கியவர்களுக்காகவும், "ஐயா பொம்மை ரயில் செய்கிறார்களாமே!" என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டவர்களுக்காகவும் இந்த வாரம் அதைப்பற்றியே எழுதுகிறேன்.

செங்கோட்டையிலிருந்து மலையேறிப் புனலூருக்குச் சென்ற பழைய மீட்டர்கேஜ் பாதையின் ஒரு சிறு துண்டு அது. 1904இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை, அகலப்பாதையாக்கப்படுவதற்காக 2010இல் மூடப்பட்டது. 2018இல் புதிய தண்டவாளங்களின்மேல் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. கழுதுருட்டியின் பதின்மூன்று வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன்மேல் ஊர்ந்து சென்ற அந்தச் சிறிய வண்டியை உங்கள் பிள்ளைகள் இனிக் காணப்போவதில்லை. பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடைப்பட்ட ஒரு குகைவாய், ஒரு வளைவு, ஓர் ஓடை. என் பலகையில் இருப்பது இவ்வளவே.

அளவு 87இல் ஒரு பங்கு. ஒரு மீட்டர் அகலமுள்ள பாதை அங்கே பதினொன்றரை மில்லிமீட்டராகிவிடும். ஐந்தரை அடி மனிதன் இரண்டு சென்டிமீட்டருக்கும் சற்றே குறைவான உயரமுள்ளவன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் 12 மில்லிமீட்டர் தண்டவாளத் துண்டுகள் சிலவற்றையும் ஒரு பழைய என்ஜினையும் தந்துவிட்டுப் போனார். அவற்றை விலைக்கு வாங்கும் நிலையில் நான் இல்லை. மலையையும் மரத்தையும் மண்ணையும் தனியே விற்கிறார்கள். ஒரு கைப்பிடி செயற்கைப் புல்லின் விலை எங்கள் வீட்டின் ஒரு வாரக் காய்கறிச் செலவை விழுங்கிவிடும். ஆகவே அவற்றை வீட்டிலேயே உண்டாக்கத் தொடங்கினேன்.

மலை எழுந்தது பழைய செய்தித்தாள்களால். தாளைக் கசக்கி உருண்டைகளாக அடுக்கி, மைதாப் பசையில் தோய்த்த கீற்றுகளை அவற்றின்மேல் நாலைந்து அடுக்காக ஒட்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுகிவிடும். பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்துகொண்டால் பூச்சி அரிக்காது. அது விஷமானதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். காட்டுத்தரைக்கு உபயோகித்த தேயிலைச் சக்கையைப்போல் பொருத்தமான பொருள் வேறில்லை. நன்றாகக் கழுவி, பால் வாசனை போனபின், மொறுமொறுவென்று காயவேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். உதிர்ந்த இலைகள் மக்கிக் கிடக்கும் நிறம் அதற்குத் தானாகவே அமைந்திருக்கிறது.

ஜல்லிக்குத்தான் பொறுமை வேண்டும். பாதையில் கிடக்கும் 50 மில்லிமீட்டர் கல், இந்த அளவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து ஒரு டப்பா எம்-சாண்ட் கேட்டு வாங்கி, முதலில் மாவு சல்லடையிலும் பிறகு தேநீர் வடிகட்டியிலும் சலித்தேன். மாவு சல்லடையில் தங்கியது பெரிது. வடிகட்டியில் இறங்கியது புழுதி. இரண்டுக்கும் நடுவில் நின்றதே வேண்டியது. அதைத் தூரிகையால் தண்டவாளங்களுக்கிடையே பரப்பி, தண்ணீரைப் பனிபோல் தெளித்து, பெவிகாலைத் தண்ணீரில் கரைத்துப் பாத்திரம் கழுவும் சோப்புநீர் இரண்டு சொட்டுச் சேர்த்து, மருந்துக் குப்பியின் சொட்டுக்குழாயால் விடவேண்டும். அந்தச் சோப்பு இல்லாவிட்டால் பசை கல்லுக்குள் இறங்காமல் மேலேயே முத்துமுத்தாக நிற்கும், தொட்டவுடன் கல்லையும் உருட்டிக்கொண்டு போகும்.

மரங்களுக்குப் பழைய மின்கம்பியின் செப்பு இழைகளை முறுக்கி, கிளைகளாகப் பிரித்து, அவற்றில் பீர்க்கு நாரைப் பிய்த்து ஒட்டி, பச்சை தோய்த்த மரத்தூளைத் தூவுகிறேன். பச்சை என்றால் பெயின்ட் டப்பாவில் இருக்கும் பச்சை அன்று. அதில் காவியும் சிறிது கறுப்பும் கலந்தாலன்றிக் காடு காடாகத் தோன்றாது. தூரத்து மலைக்குச் சாம்பலும் வெளிர்நீலமும் சேரவேண்டும். உயரத்தையும் கவனியுங்கள். இருபது மீட்டர் தேக்குமரம் இங்கே 23 சென்டிமீட்டர் நிற்கும். கடைகளில் கிடைக்கும் விரலளவு மரங்களை வைத்தால் ரயில் பெரிதாகவும் காடு புதராகவும் தெரியும். மலைப்பாதையில் பயணித்தவர்களுக்குத் தெரியும், அங்கே வண்டிதான் சிறியது.

மாதிரி ரயிலுக்கும் குருமார்களுக்கும் வெகுநாள் உறவுண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆதரவாக! தாமஸ் என்ற நீல என்ஜினை உங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அதன் கதைகளை எழுதிய வில்பர்ட் ஆட்ரி இங்கிலாந்தில் திருச்சபைக் குருவானவர். அம்மை கண்டு படுத்திருந்த தம் மகன் கிறிஸ்டோபருக்குச் சொல்லத் தொடங்கிய கதைகளே 1945இல் முதல் புத்தகமாயின. அவனுக்காக அவர் செய்த முதல் தாமஸ், துடைப்பக்கட்டையின் துண்டுகளால் ஆனது. பீட்டர் டென்னி என்ற மற்றொரு ஆங்கிலிக்கன் குருவானவர் தம் பக்கிங்காம் பாதையின் பயணப்பெட்டிகளை அட்டையிலேயே செய்தார்.

ஆயினும் என் மனதைப் பிடித்துக்கொண்டவர் குருவானவர் அல்லர். ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர், 1925இல் பெர்த் நகரிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே உள்ள வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கின் கூரைவேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக மாறிப்போவதைக் கண்டார். தடுக்க அவரால் முடியாது. ஆகவே அவற்றை அளந்து, அட்டையில் வெட்டி, கல்லுக்குக் கல் நீர்வண்ணம் தீட்டி, கூரைக்கு நார் வேய்ந்து சிறிதாக்கி வைத்தார். 1954இல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் அவர் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகம் அந்த வேலையை இன்றும் தொடர்கிறது. அட்டையும் நாரும் விலையற்றவை. ஒரு சுவரில் எந்தக் கல் பாசி பிடித்திருந்தது என்று நின்று பார்த்த நேரத்துக்குத்தான் விலை.

இவரை நான் நினைக்கக் காரணம், நம் சபையின் மூத்தவர் ஒருவர். பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். உங்களில் பலர் அறிந்துகொள்வீர்கள். அந்த மலைப்பாதையில் முப்பது வருஷத்துக்கு மேல் கீமேனாக இருந்தவர்கள். சுத்தியலும் கொடிகளும் சுமந்து, தமக்குக் குறித்த தூரத்தைத் தினந்தோறும் நடந்து, தளர்ந்த ஆணிகளை இறுக்கியவர்கள். மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் ஆராதனைக்கு வருவதைத் தவிர வெளியே வருவதில்லை. மறதியும் தொடங்கிவிட்டது. ஒருநாள் ஏதோ கையெழுத்து வாங்க வந்தவர்கள், நான் ஜல்லி பரப்ப ஆயத்தமாவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "ஐயா, வளைவுல வெளிப்பக்கம் கூடுதலா ஜல்லி கிடக்கணுமே, போடுவீயளா?"

உட்காருங்கள் அண்ணாச்சி என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

வளைவில் வெளித்தண்டவாளம் சற்று உயர்ந்திருக்கவேண்டும் என்றார்கள். அதற்கு என்ன வைப்பது? நம் ஊரில் எந்த வீட்டிலும் குறைவில்லாத பொருள் கல்யாண அழைப்பிதழ். அதன் தடித்த அட்டையை நூல்போல் வெட்டி வெளிப்புறத்துக்குக் கீழே செருகினோம். வண்டியை விட்டபோது அது லேசாக உட்பக்கம் சாய்ந்து திரும்பியது. அண்ணாச்சி அதை ஏழெட்டுமுறை ஓட்டச்சொன்னார்கள். குகைவாயின் மேல்வளைவில் கரி படிந்திருக்கவேண்டும் என்று, வீட்டிலிருந்த சிம்னி விளக்கின் கண்ணாடியில் விரலைத் தேய்த்து, அந்த விரலாலேயே அவர்களே பூசினார்கள். நீராவி என்ஜின் காலத்துக் கரி. எந்தக் கடை வண்ணத்திலும் நான் அதைக் கண்டதில்லை.

அதுமுதல் வியாழக்கிழமைதோறும் வருகிறார்கள். ஓடையில் எத்தனைமுறை வார்னிஷ் பூசலாம் என்று கேட்டால், ஆனி மாதமா மாசி மாதமா என்று திருப்பிக் கேட்கிறார்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அவர்களுக்கு நினைவில்லை. எந்தச் சிறுபாலத்தின் கீழே நிழலும் தண்ணீரும் இருந்தது என்பது இருக்கிறது. போன மாதம் அவர்களுடைய மகள் என்னிடம் வந்து, "அப்பா வீட்டுல ஒரு வார்த்தை பேசுறதில்லை ஐயா. இங்க அப்படி என்ன பேசுறாங்க?" என்று கேட்டாள். வந்து பாரம்மா என்றேன். இப்போது அவளும் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு வருகிறாள். தாத்தா எப்போது வேலைக்குச் சேர்ந்தார், யாரோடு நடந்தார் என்பதெல்லாம் அவள் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவளுக்கே பாதிதான் தெரியும்.

மீதியான துணிக்கைகளைக் கூடையில் சேர்த்த சம்பவத்தை இங்கே பொருத்திக்காட்ட எனக்கு ஆசைதான். ஆனால் வராந்தாவில் இருக்கும்போது நான் பிரசங்கிப்பதில்லை என்று அண்ணாச்சியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். தூரிகையை மட்டும் நல்லதாக வாங்குங்கள். மலிவான தூரிகையின் மயிர் வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பாறையில் முடி முளைத்ததுபோல் நிற்கும்.

மனிதர்கள் மட்டும் இன்னும் இல்லை. மெல்லிய கம்பியை வளைத்து, எம்-சீல் மாவை அதன்மேல் அப்பி, ஊசிமுனையால் செதுக்கினால் இரண்டு சென்டிமீட்டர் உருவம் வந்துவிடும். அண்ணாச்சியைச் சுத்தியலோடு பாதையில் நிறுத்தலாமா என்று கேட்டேன். சிறிதுநேரம் பேசவில்லை. "வேண்டாம் ஐயா. கேங் குடிசை ஒண்ணு போடுங்க, பனையோலையில. வாசல்ல தண்ணிப்பானை. நாங்க நாலுபேரு உட்கார்ந்திருக்கிற மாதிரி வையுங்க. வேலை முடிஞ்ச நேரம்." நாலுபேரின் பெயர்களையும் சொன்னார்கள். மகள் எழுதிக்கொண்டாள்.

குடிசைக்கு ஓலை வேண்டும். காய்ந்த குருத்தோலைச் சிலுவைகள் உங்கள் வீடுகளில் இருக்குமானால், அவற்றைத் தராதீர்கள். தோட்டத்துப் பனையின் ஓலை ஒன்று போதும். முறுக்கிய செப்புக்கம்பி, முற்றிய பீர்க்கங்காய், கழுவிக் காயவைத்த தேயிலைச் சக்கை ஆகியவற்றை வியாழன் மாலை நான்கு மணிக்குமேல் கொண்டுவரலாம். அந்தப் பாதையில் வேலைசெய்த வேறு யாரேனும் உங்கள் குடும்பத்தில் இருந்தால் அவர்களை அவசியம் அழைத்துவாருங்கள். நாற்காலி இருக்கிறது. எம்-சீல் நான் வாங்கிவைத்திருக்கிறேன்.