கல்லறையோரத்து நித்தியகல்யாணி

ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்வது எங்கள் குடும்ப வழக்கம். எங்கள் பெரியம்மா அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். சென்ற ஆண்டும் செவ்வந்தி மாலையும் மெழுகுதிரிகளும் எடுத்துக்கொண்டு சென்றோம். குருவானவர் கல்லறைகளை மந்திரிக்க வரும்வரை காத்திருந்த வேளையில், பெண்மணி ஒருவர் பெரியம்மாவின் கல்லறையோரம் தானாக முளைத்திருந்த நித்தியகல்யாணிச் செடியிலிருந்து இலைகளைக் கிள்ளி முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று வினவினோம்.

"வீட்டுக்காரருக்கு வாயிலே புற்று என்கிறார்கள். இதைக் கஷாயம் வைத்துக் குடித்தால் கரைந்துவிடுமாம்" என்றார்.

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. அதே இலையைக் கஷாயம் வைத்துப் பெரியம்மாவுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம்.

பெரியம்மாவின் மார்பில் கட்டி கண்டபோது அது நெல்லிக்காய் அளவே இருந்தது. கத்தி படக்கூடாதென்று அவர் அஞ்சினார், நாங்களும் அஞ்சினோம். நித்தியகல்யாணியில் புற்றுநோய்க்கு மருந்துண்டு என்று எங்கோ படித்திருந்தோம். படித்தது பொய்யன்று, பாதி. அந்தப் பாதியை நம்பி ஐந்து மாதங்களைப் போக்கினோம். வாந்தியும் சோர்வும் வந்தபோது, மருந்து வேலை செய்கிறது என்று எங்களுக்கு நாங்களே தேறுதல் சொல்லிக்கொண்டோம்.

மற்றப் பாதியைப் பின்னரே அறிந்தோம். சுடுகாட்டு மல்லி என்று நம்மவர் ஒதுக்கும் இச்செடியின் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. ஜமைக்கா நாட்டு மக்கள் இதன் இலையை நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்துவந்தனர். 1952-இல் அங்கிருந்து சில இலைகள் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் சகோதரரும் ஆராய்ச்சியாளருமான ராபர்ட் நோபிளிடம் ஒப்படைத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறையவில்லை. மாறாக, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் இரத்தப் புற்றுக்கு இது உதவலாமே என்ற எண்ணம் அங்கே பிறந்தது. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீர் என்பவரும் உழைத்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூலிழை போன்ற ஓர் அமைப்பு உருவாகவேண்டும். இம்மருந்துகள் அவ்விழை உருவாகாமல் தடுக்கின்றன. பிரிய முடியாத அணு மடிகிறது.

1962-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் குழந்தைகளுக்கென ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. கைவிடப்பட்டோரின் பாதுகாவலரான புனித யூதா ததேயுவுக்கு டேனி தாமஸ் என்ற கத்தோலிக்க நகைச்சுவை நடிகர் செய்துகொண்ட நேர்ச்சையின் பலன் அது. நேர்ச்சைக்கு மொட்டையடித்து மெழுகுதிரி ஏற்றும் நமக்கு இப்படியும் ஒரு நேர்ச்சை உண்டென்பது வியப்பே! இரத்தப் புற்று வந்த குழந்தைகள் அநேகமாக அனைவரும் இறந்துபோன காலம் அது. அங்கு வின்கிறிஸ்டினை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, 1970-ஆம் ஆண்டளவில் பாதிக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள். இன்று வசதிமிக்க நாடுகளில் 100 குழந்தைகளுள் ஏறத்தாழ 90 பேர் பிழைக்கின்றனர். அதற்கான செடி நம் தமிழகத்தின் வறண்ட நிலங்களிலும் பயிராகி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

பெரியம்மாவை இறுதியில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்திற்கு அழைத்துச் சென்றோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. நாங்கள் சென்றபோது நோய் எலும்பை எட்டியிருந்தது. கஷாயத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னோம். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை.

"ஒரு கிராம் வின்கிறிஸ்டின் எடுக்கச் சில நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் நாங்கள் கொடுப்பதில்லை. அதையும் நரம்பூசி வழியே, இரத்தத்தைச் சோதித்துத்தான் கொடுக்கிறோம். உங்கள் கஷாயத்தில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று யார் அளந்தது? இவருக்கு வந்த புற்றுக்கு மருந்தே வேறு" என்றார்.

கடிந்துகொண்டிருந்தால் எங்களுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். பெரியம்மாவோ, "பிள்ளைகள் அன்பினால்தானே கொடுத்தார்கள்" என்று அவரிடம் எங்களுக்காகப் பரிந்து பேசினார்.

மஞ்சளைப் பற்றியும் முள்சீத்தா இலையைப் பற்றியும் இன்று பலர் பேசுகிறார்கள். குழம்பில் மஞ்சள் இருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் அணுக்களைத் தடுப்பது வேறு, நோயாளியைக் குணமாக்குவது வேறு. இவ்விரண்டில் எதுவும் புற்றைக் குணமாக்கும் என்று மெய்ப்பிக்கப்படவில்லை. சீராக் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம் மண்ணில் விளையும் மருந்தை இறைவனின் படைப்பென்று போற்றுகிறது. அதே அதிகாரம் மருத்துவரையும் விலக்காதே என்கிறது. நாங்கள் முதற்பகுதியோடு நிறுத்திக்கொண்டவர்கள்.

இவற்றையெல்லாம் அந்தப் பெண்மணியிடம் கல்லறைத் திட்டின்மேல் அமர்ந்து சொன்னோம். அவர் கணவர் நெடுங்காலம் புகையிலை மெல்லும் பழக்கமுள்ளவராம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். முடிவைப் பெற்றுக்கொள்ள மூன்று வாரங்களாக இவர்கள் போகவில்லை.

"செலவுக்கு எங்கே போவது?" என்றார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றிக் கூறினோம். அட்டை வீட்டில் இருப்பதாகவும், அது எதற்கென்று தெரியாதென்றும் சொன்னார்.

குருவானவர் தீர்த்தம் தெளித்துச் சென்றார். பெண்மணி எழுந்து முந்தானையை உதறினார். இலைகள் பெரியம்மாவின் கல்லறைமேல் உதிர்ந்தன. மறுநாள் காலை எட்டு மணிக்கு முண்டியம்பாக்கத்தில் எங்களுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார். விழுப்புரத்திலிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கணவரின் கையைப் பற்றியபடி அவர் வாயிலருகே நின்றுகொண்டிருந்தார். காப்பீட்டு அட்டை பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது.