பட்டியல் கொடுக்கும் முன்

அன்புள்ள முரளி,

ஹாஸ்டல் நெட்வொர்க்கையும், அதிகம் இறக்குகிறவர்களின் அபராதப் பட்டியலையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று போனில் புலம்பினாயே, அதற்காகத்தான் இது.

போர்ட்டில் ஆள் அடையாளம் கேட்க வைப்பது பெரிய வேலை இல்லை. அதற்கான 802.1எக்ஸ் முறை 2001-லேயே வந்துவிட்டது. மேனேஜ்டு சுவிட்ச் என்றால் அநேகமாக இருக்கும். கேபிளைச் செருகினாலும் போர்ட் பூட்டியே கிடக்கும். சுவிட்ச் தானாக முடிவெடுக்காது, ஆளைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைக் கேட்கும். அது சரி என்றால் திறக்கும்; எந்த விலானில் (நெட்வொர்க்கின் எந்தத் தனிப் பிரிவில்) போடுவது என்பதும் அந்தப் பதிலிலேயே வரும். பிரிண்டருக்கும் கேமராவுக்கும் பெரும்பாலும் பாஸ்வேர்டு கொடுக்கத் தெரியாது, மேக் அட்ரஸைப் பார்த்துத்தான் விட வேண்டும். அந்த அட்ரஸ் பிரிண்டர் முதுகிலேயே ஒட்டியிருக்கும், எந்தப் பையனும் அதைத் தன் லாப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். அதனால் அவற்றைத் தனி விலானில் அடைத்து வை.

உனக்குத் தலைவலி வரப்போவது, யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்கில்தான். பையன் உள்ளே வந்ததும் சுவிட்ச் சர்வருக்கு ஒரு ‘ஸ்டார்ட்’ அனுப்பும், போகும்போது ‘ஸ்டாப்’. எவ்வளவு நேரம் இருந்தான், எத்தனை பைட் போனது வந்தது என்பதெல்லாம் ஸ்டாப்பில் இருக்கும். லாகின் தகவல் சர்வரின் 1812-ஆம் போர்ட்டுக்குப் போகும், கணக்கு 1813-க்கு. ஃபயர்வாலில் 1812-ஐ மட்டும் திறந்துவிட்டால் எல்லாரும் ஜோராக லாகின் ஆவார்கள், கணக்குப் புத்தகம் மட்டும் காலியாக இருக்கும். மாதக் கடைசியில் வார்டன் கேட்கும்போதுதான் அது தெரியவரும்.

உங்கள் ஊரில் கரண்ட் போகிற லட்சணம் தெரியும். சுவிட்ச் அணைந்தால் ஸ்டாப் வராது. அந்தப் பையன் இன்னும் உள்ளேயே இருப்பதாகக் கணக்கு நிற்கும். அதுவரையான கணக்கைச் சொல்லும் இடைக்கால அப்டேட்டைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை வரும்படி வை, அந்த அளவோடு நஷ்டம் நிற்கும். அதைவிட அடிக்கடி வேண்டாம், சர்வர்தான் திணறும்.

பைட் எண்ணும் இடம் 32 பிட்தான். 4,294,967,295-ஐத் தாண்டினால், பழைய கரண்ட் மீட்டர் 9999-க்கு அப்புறம் பூஜ்யத்துக்குத் திரும்புகிற மாதிரி, மறுபடி முதலிலிருந்து எண்ணும். ஏறத்தாழ 4.3 ஜிபி. இன்றைக்கு ஒரு கேம் இறக்கினாலே அதைத் தாண்டிவிடும். எத்தனை முறை சுற்றியது என்பது ‘கிகாவேர்ட்ஸ்’ என்று தனியாக வரும். அதைச் சேர்க்காவிட்டால் 45 ஜிபி இறக்கினவன் 2 ஜிபிக்காரனாகத் தெரிவான், 4 ஜிபி இறக்கின அப்பாவி பட்டியலில் அவனுக்கு மேலே நிற்பான்.

‘இன்புட்’ என்றால் பையன் இறக்கியது என்று நினைத்துவிடாதே. அது சுவிட்சின் பார்வை: பையனிடமிருந்து உள்ளே வந்தது, அதாவது அவன் ஏற்றியது. இறக்கியது ‘அவுட்புட்’.

இன்னொன்று. கட்டிலுக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் குட்டி சுவிட்ச் வைத்திருப்பார்கள். போர்ட் ‘மல்ட்டி ஹோஸ்ட்’ முறையில் இருந்தால் முதல் பையன் லாகின் ஆனதும் அறையில் இருக்கிற நாலு பேரும் உள்ளே போவார்கள். நாலு பேர் கணக்கும் அவன் பெயரில் ஏறும். அவன் லாப்டாப்பை உருவிக்கொண்டு ஊருக்குப் போனாலும் குட்டி சுவிட்ச் செருகியபடியே இருக்கும், லிங்க் விழாது, அவன் பெயரில் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்கும் முறைக்கு மாற்று, மறு சரிபார்ப்பையும் போட்டுவிடு.

இதையெல்லாம் பார்க்காமல் யார் பெயரையும் அபராதப் பட்டியலில் சேர்க்காதே. பாவம், பிள்ளைகள். வார்டன் சார் “எவன் எந்தப் படம் பார்த்தான்?” என்றும் கேட்பார். இந்தக் கணக்கில் நேரமும் அளவும்தான் இருக்கும், பார்த்தது எது என்பது இருக்காது. அதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா