சத்திரக்காரரின் இரவு

ஞாயிறு முதல் திருப்பலி முடிந்து ஆலயம் வெறுமையான பின்பும் செவிலியர் ஒருவர் கடைசிப் பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். இரவுப் பணி முடித்து நேரே வந்தவர். "சாமி, ஒரு பெரியவரைப் பத்து நாளா வதைச்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

திடுக்கிட்டோம். விசாரித்தபோதுதான் விளங்கிற்று. (அவருடைய இசைவுடனேயே, அடையாளங்களை மாற்றி எழுதுகிறோம்.) இனிப் பிழையார் என்று மருத்துவரே அறிந்த முதியவர், செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்தார். தொண்டைக் குழாய் வழியே அடிக்கடி சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்கும்போதெல்லாம் உடல் துடிக்கும். வெளியே மகன் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்வது செவிலியர் வேலையன்று என மேலிடம் வாயடைத்துவிட்டது.

"ஆண்டவருடைய பாடுகளோடு ஒப்புக்கொடம்மா" என்றோம். தலையசைத்துப் போனார். அடுத்த மூன்று ஞாயிறும் அவர் வரவில்லை.

இந்த நோவுக்குப் பெயர் உண்டு என்பதைப் பின்னரே கற்றோம். செய்யத்தக்கது எதுவென்று தெரிந்தும் நிறுவனத்தின் கட்டுகளால் அதைச் செய்யவியலாத நிலையை, அமெரிக்க மெய்யியலாளர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் 1984இல் செவிலியர் அறநெறி பற்றிய தம் நூலில் பிரித்துக் காட்டினார். மனச்சான்றின் வேதனை என்று நாம் சொல்லலாம். விடுப்பு எடுத்தால் தீர்கிற களைப்பன்று அது. ஐயுறும் மனச்சான்றுக்கு வழிகாட்டக் குருமடத்தில் பயின்றோம். தெளிந்த மனச்சான்று கைகட்டப்பட்டு நிற்கையில் என்ன சொல்வதென்று நமக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் திருச்சபையின் போதனைக்கு மாறாக எதையும் எண்ணவில்லை. நோயாளிக்குப் பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை எவருக்கும் இல்லை என்று 1957 நவம்பரில் மயக்க மருத்துவர்களிடம் கூறினார் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர். சுவாசக் கருவியைப் பற்றியே அங்குப் பேசப்பட்டது. 1980இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கருணைக்கொலையைக் கண்டித்த அதே ஏட்டில், சாவு நெருங்குகையில் பயனற்ற சிகிச்சையை மறுக்கவும் இடமளித்தது. வழக்கமான பராமரிப்பு மட்டும் நிற்கலாகாது என்றது. இவற்றையெல்லாம் படித்திருந்த நாம் அன்று ஒன்றையும் அவருக்குச் சொல்லவில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக்கை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1973 நவம்பரில் பணியிடத்திலேயே தாக்கப்பட்டு நினைவிழந்தவரை, 2015 மே 18இல் அவர் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அங்குள்ள செவிலியர் பேணினர். அவருக்கு ஊட்டுவதை நிறுத்தக் கோரி வழக்கு வந்தபோது அவர்கள் எதிர்த்தனர். 2011 மார்ச் 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அருணாவுக்காகப் பேசும் உரிமை மருத்துவமனைப் பணியாளருக்கே உண்டு என்றது. அவர்கள் பேண விரும்பினர். நம் செவிலியரோ வதையை நிறுத்த விரும்பினார். இரு விருப்பமும் ஒரே இடத்தில் பிறந்தவை என்றே நமக்குத் தோன்றுகிறது: உடலைத் தொட்டுத் துடைக்கும் கைகளில்.

ஆனால் அந்தக் கைகளை மற்ற இடங்களில் யார் கேட்கிறார்கள்? உயிர்காக்கும் கருவியை விலக்குவது குறித்து 2018இல் உச்ச நீதிமன்றம் வகுத்து, 2023இல் எளிதாக்கிய நெறிமுறைப்படி இரண்டு மருத்துவக் குழுக்கள் கூடி முடிவெடுக்க வேண்டும். அவற்றில் மருத்துவர்களுக்கு இருக்கை உண்டு, செவிலியருக்கு இல்லை. நெதர்லாந்து மருத்துவமனைகள் பலவற்றில், மனத்தை உறுத்தும் ஒரு நோயாளியின் நிலையை முன்வைத்து மருத்துவரும் செவிலியரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகின்றனர். அதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருவர் உரையாடலை நடத்துவார். நம் ஊர் மருத்துவமனைகளுக்கு இது எட்டாக் கனியன்று. ஓர் அறை, ஒரு மணி நேரம், பேசியவரைப் பழிவாங்கமாட்டோம் என்னும் உறுதி. கடைசியதுதான் அரிது.

திருவண்ணாமலை சத்திரங்களின் ஊர். நல்ல சமாரியர் உவமையைப் பல முறை இங்குப் பிரசங்கித்திருக்கிறோம். சமாரியர் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டுப் போனபின் காயம்பட்டவரோடு விழித்திருந்த சத்திரக்காரரைப் பற்றி ஒரு முறையும் பேசியதில்லை.

நான்காம் வாரம் அவர் வீட்டுக்குச் சென்றோம். முதியவர் இறந்துவிட்டிருந்தார். "அன்னைக்கு உன்னைப் பேச விடாம அனுப்பிட்டேன்மா" என்றோம். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். நாம் வாய் திறக்கவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பங்கு இல்லத்தின் பின்னறையில் செவிலியர் சிலர் கூடுகின்றனர். பிற சமயத்தவரும் வருகின்றனர். நோயாளியின் பெயர் சொல்லலாகாது. அது ஒன்றே விதி. சென்ற முறை பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் சிக்கித் தாமதமாக வந்த ஒரு பெண், உட்கார்ந்த சற்று நேரத்தில் நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நாம் எழுந்து சன்னலைச் சாத்தினோம்.