படலை தெரியவேண்டும்

வாப்பா அந்தக் காலத்தில் சைக்கிளில் பிடவை கட்டிக்கொண்டு தீவுப்பகுதிக்கு வியாபாரம் போனவர். பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுச் சந்தி கழிந்தால் அல்லைப்பிட்டி. எங்கும் பனையோலை வேலி. படலையும் அதே ஓலைதான். புதிதாகப் போகிறவனுக்கு எது வேலி, எது படலை என்று பிடிபடாது. "படலைக்கு முன்னால மண் தேஞ்சு கிடக்கும் மகன், அதப் பார்த்துத்தான் கூப்பிடுறது" என்பார்.

1990 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபின் புத்தளத்திலேயே இருக்கிறார். வயது எண்பது தாண்டிவிட்டது. இப்போது கையில் ஸ்மார்ட்போன். 1970களில் சொங் வம்சக் காலத்துச் சீன மட்பாண்டங்கள் கிடைத்த அல்லைப்பிட்டியில், 2018 இல் ஷாங்காய் நூதனசாலையினர் இலங்கையருடன் சேர்ந்து மீண்டும் அகழ்ந்தார்கள். அதைப் பற்றி ஒரு பக்கத்தை வாசித்து முடித்தவர், "மிச்சம் எங்க?" என்று கேட்டார்.

மிச்சம் அந்தப் பக்கத்திலேயே, வரிகளுக்கு நடுவே கருநீலச் சொற்களாக இருந்தது. கட்டரக்ட் விழுந்த கண்ணுக்கு அந்த நீலமும் கறுப்பும் ஒன்றுதான். கணினியில் என்றால், லிங்கின் மேல் போனதும் அம்புக்குறி கையாக மாறும். போனில் விரலுக்கு அப்படி ஓர் அறிவிப்பும் இல்லை.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1993 இல் வந்த மொசைக் உலாவி லிங்கை நீலமாக்கி அடிக்கோடும் இட்டது. போய்வந்த லிங்க் நிறம் மாறும். தேய்ந்த மண்ணைப் போல. பின்னர் அழகு கருதிப் பலர் கோட்டை அழித்தார்கள். 'து', 'நூ' போன்ற தமிழ் எழுத்துக்களின் கீழ்ப்பகுதியைக் கோடு வெட்டுகிறது என்பதும் நியாயமான குறைதான். ஆனால் இன்றைய உலாவிகள் எழுத்து இறங்கும் இடத்தில் கோட்டை விட்டுத் தொடர்கின்றன. நிறத்தை மட்டும் நம்பி எதையும் அடையாளப்படுத்த வேண்டாம் என்றே இணைய அணுகலுக்கான சர்வதேச வழிகாட்டிகளும் சொல்கின்றன.

2005 இல் தொடங்கிய நூலகம் திட்டத்தில் நமது பழைய சஞ்சிகைகள் பல ஏறியிருக்கின்றன. அவற்றுக்கு வழிகாட்டுகிறவர்களில் சிலர் 'இங்கே அழுத்தவும்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே இருப்பது எந்தச் சஞ்சிகை, எந்த இதழ் என்பதையே லிங்காக எழுதினால் என்ன?

அந்தச் சஞ்சிகைகளைக் காசு கொடுத்து வாங்கி வாசித்த தலைமுறைக்கு இப்போது கண் மங்குகிறது. அவர்களும் வாசிக்கவேண்டும் என்று நினைத்தால், சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போடுவதில் நமக்கு என்ன குறைந்துவிடப்போகிறது?